1,063 புழுக்கள் - கொரியா தன் குடலைச் சுத்தம் செய்த கதை

சாப்பாட்டுத் தட்டோடு கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தயவுசெய்து முதலில் சாப்பிட்டு முடித்துவிடவும். விஷயம் அப்படி.

2017 நவம்பர் 13. வட கொரிய ராணுவ வீரர் ஒருவர் பான்முன்ஜொம் எல்லையை நோக்கி ஜீப்பில் சீறிக்கொண்டு வருகிறார். வண்டி சிக்கிக்கொள்ள, இறங்கித் தென் கொரியப் பக்கம் ஓடுகிறார். பின்னாலிருந்து அவருடைய சகாக்களே சுடுகிறார்கள். பல குண்டுகள் பாய்ந்த உடம்போடு அவரை ஹெலிகாப்டரில் சுவோன் நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அறுவை சிகிச்சை செய்தவர் லீ குக் ஜோங் என்ற பிரபல மருத்துவர். குண்டு துளைத்த குடலைத் தைக்க வயிற்றைத் திறந்தால், உள்ளேயிருந்து புழுக்கள் வெளியே வந்தன. ஒன்றிரண்டு இல்லை, டஜன் கணக்கில். மிக நீளமானது 27 சென்டிமீட்டர். பள்ளிக்கூட அளவுகோல் 30 சென்டிமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும்.

இருபது வருடத்துக்கு மேல் அறுவை சிகிச்சை செய்துவரும் தான் இப்படி ஒன்றைப் பாடப்புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருப்பதாக அந்த மருத்துவர் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். உலகமே மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தச் செய்தியைப் படித்தது. தென் கொரிய இளைஞர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. ஆனால் அவர்களுடைய அப்பா அம்மாக்களுக்கு அவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. ஏனென்றால் ஐம்பது வருடத்துக்கு முன்னால் தென் கொரியாவின் வயிறும் இப்படித்தான் இருந்தது.

இந்தப் புழுவின் பெயர் அஸ்காரிஸ். நம் ஊரில் நாக்குப்பூச்சி என்பார்கள். உருளைப்புழு வகையில் மனிதக் குடலில் வாழ்பவற்றிலேயே பெரியது இதுதான். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு இடும் முட்டைகள் சுமார் 2 லட்சம். அந்த முட்டைகள் மலத்தோடு வெளியே வந்து மண்ணில் இரண்டு மூன்று வாரம் பக்குவப்பட வேண்டும். பிறகு காய்கறி வழியாகவோ, மண் ஒட்டிய கை வழியாகவோ யார் வாய்க்காவது போய்ச் சேர வேண்டும். முட்டை ஓடு மிகக் கெட்டி, மண்ணில் வருடக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். அவசரமே இல்லாத ஜீவன்!

வாய்க்குள் போன முட்டை வயிற்றில் பொரிந்து அங்கேயே வளர்ந்துவிடும் என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். இத்தாலியில் ஜியோவன்னி கிராசி என்ற ஆராய்ச்சியாளர் ஒரு பிணப் பரிசோதனையில் கிடைத்த முட்டைகளை எடுத்துப் பத்திரப்படுத்தி, 1879-ல் அவற்றில் நூறை விழுங்கினார். சுமார் ஒரு மாதத்தில் அவருடைய மலத்தில் அஸ்காரிஸ் முட்டைகள் தெரிந்தன. நிரூபணம் ஆயிற்று என்றார். ஆனால் இன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு உதைக்கிறது. விழுங்கிய முட்டை புழுவாகி, அந்தப் புழு முட்டை போட இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். கிராசியின் வயிற்றில் ஏற்கனவே யாரோ குடியிருந்திருக்கிறார்கள்.

இவ்வளவு காலம் ஏன் ஆகிறது என்பதற்குப் பதில் 1916-ல் வந்தது. இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த எஃப். எச். ஸ்டீவர்ட் என்ற அதிகாரி ஹாங்காங்கில் இருந்தபோது எலிகளுக்கு அஸ்காரிஸ் முட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார். புழுக்குஞ்சுகள் குடலில் தங்கவில்லை. கல்லீரலில் தென்பட்டன, பிறகு நுரையீரலில் தென்பட்டன. எலிகளுக்கு நிமோனியா வந்தது. ஸ்டீவர்ட் இதைப் பார்த்து, மனிதனுக்கு வருவதற்கு முன்னால் புழு எலியில் தங்கி வருகிறது போலும் என்று யோசித்தார். அது தவறு. ஆனால் பார்த்த காட்சி சரி.

மீதியைச் சொன்னவர் கொய்னோ ஷிமேசு என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர். 1922-ல் அவர் மனித அஸ்காரிஸ் முட்டைகள் 2,000 எண்ணி விழுங்கினார். (கிராசி நூறோடு நிறுத்திக்கொண்டார் என்பதைக் கவனிக்கவும்.) அதோடு விடவில்லை. தன் தம்பிக்குப் பன்றிக்கு வரும் அஸ்காரிஸின் முட்டைகள் 500 கொடுத்தார். அண்ணன் சொன்னால் எதை வேண்டுமானாலும் விழுங்கும் தம்பிகள் அந்தக் காலத்தில் இருந்தார்கள்! சில நாட்களில் கொய்னோவுக்குக் கடுமையான காய்ச்சல், மூச்சுத் திணறல், இருமல். துப்பிய சளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் புழுக்குஞ்சுகள் நெளிந்தன. பயணப் பாதை முழுவதும் தெரிந்துவிட்டது. குடலில் பொரிந்து, ரத்தக் குழாய் வழியே கல்லீரலுக்குப் போய், அங்கிருந்து இதயம், நுரையீரல் என்று சுற்றி, மூச்சுக்குழாயில் ஏறித் தொண்டைக்கு வந்து, எச்சிலோடு விழுங்கப்பட்டு மறுபடி குடலுக்கே வருகிறது. கிளம்பிய இடத்துக்கே வர எதற்கு இவ்வளவு பெரிய சுற்று? சுமார் ஐம்பது நாள் கழித்துக் கொய்னோ பூச்சி மருந்து சாப்பிட்டார். 667 இளம் புழுக்கள் வெளியே வந்தன. அவர் பிழைத்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தச் சோதனை நோயைக் கண்டுபிடிப்பதில் உள்ள சிக்கலையும் காட்டியது. முதல் சில வாரங்களில் மலத்தை எவ்வளவு பார்த்தாலும் முட்டை கிடைக்காது. புழு அப்போது நெஞ்சில் இருக்கிறது. 1932-ல் சூரிச் மருத்துவர் லோஃப்லர், எக்ஸ்ரேயில் வந்து தானாகவே மறைந்துவிடும் நுரையீரல் நிழல்களைப் பற்றி எழுதினார். கூடவே ரத்தத்தில் ஒரு வகை வெள்ளை அணுக்கள் கூடியிருக்கும். இதற்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் முக்கியமான ஒன்று அஸ்காரிஸ் என்று பிறகு தெரிந்தது. குடலுக்கு வந்து சேர்ந்த பிறகும் ஆண் புழு மட்டும் இருந்தால் முட்டையே இருக்காது. சிலரிடம் அறிகுறியே இருக்காது. பத்துப் புழு இருப்பவன் பந்து விளையாடிக்கொண்டிருப்பான். நூற்றுக்கணக்கில் சேர்ந்தால்தான் விவகாரம். அவை ஒன்றோடொன்று பின்னி உருண்டையாகிக் குடலை அடைத்துவிடும், பித்தக் குழாயில் நுழைந்துவிடும்.

அப்படி ஒரு குழந்தைதான் 1963 அக்டோபரில் தென் கொரியாவின் ஜொன்ஜு நகரத்தில் இருந்த மிஷன் மருத்துவமனைக்கு வந்தது. ஒன்பது வயதுச் சிறுமி. தாங்க முடியாத வயிற்று வலி. அமெரிக்க மிஷனரி மருத்துவர் பால் கிரேன் வயிற்றைத் திறந்து பார்த்தபோது குடல் முழுக்கப் புழுக்கள். வெளியே எடுத்து எண்ணினார்கள். 1,063.

ஒரு புழு பாதிச் சாண் நீளம்தான் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், ஒன்றன் பின் ஒன்றாகப் படுக்க வைத்தால் நூறு மீட்டர் ஓட்டப் பந்தயத் தடத்தைத் தாண்டிவிடும். அது ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின் வயிற்றுக்குள் இருந்தது. அவளைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்த நாளில் கொரியாவில் வயிற்றில் புழு இருப்பது ஒரு செய்தியே இல்லை. எல்லோருக்கும் இருந்தது. கிராமத்தில் யாரும் அதை நோயாகக்கூட நினைக்கவில்லை. ஆனால் 1,063 என்ற எண் பத்திரிகைகளில் வந்தபோது அது எல்லோரையும் உலுக்கிவிட்டது. 'ஏராளமான புழுக்கள்' என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த விளைவு இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். உட்கார்ந்து எண்ணிய அந்தக் கைகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அடுத்த வருடமே, 1964-ல், கொரிய ஒட்டுண்ணி ஒழிப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. 1966-ல் ஒட்டுண்ணி நோய்த் தடுப்புச் சட்டம் வந்தது. குடல் புழுவுக்காகத் தனிச் சட்டமே போட்ட நாடு அது!

இங்கே கொஞ்சம் ஜப்பானுக்குப் போய்விட்டு வர வேண்டும். கொரியா பின்பற்றிய வழி அங்கே உருவானது.

ஜப்பானிலும் கொரியாவிலும் மனித மலம் வயலுக்கு உரம். இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம், அது ஒரு பெரிய வியாபாரமாகவே நடந்தது. இன்றைய டோக்கியோவான எடோ நகரத்தில் கழிப்பறையில் சேர்வதற்கு விலை உண்டு. வாடகை வீடுகளில் அது யாருக்குச் சொந்தம், வீட்டுக்காரருக்கா குடித்தனக்காரருக்கா என்றுகூட வழக்கம் இருந்தது. விவசாயி காசு கொடுத்து வாங்கிப் போவான், காய்கறியாகத் திருப்பிக் கொண்டுவருவான். நகரமும் சுத்தம், வயலும் செழிப்பு. வரவு செலவுக் கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. கணக்கில் எழுதாமல் விட்ட ஒரே சரக்கு, முட்டை. நகரத்து வயிற்றிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து நகரத்து வயிற்றுக்கும் அது இலவசமாகப் போய்வந்துகொண்டிருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜப்பானியர்களில் 60 சதவீதத்துக்கு மேல் அஸ்காரிஸ் இருந்தது. வந்திறங்கிய அமெரிக்க ராணுவம் உள்ளூர்க் கீரையைத் தொடவே பயந்தது. 1946-ல் டோக்கியோ பக்கத்தில் சோஃபு என்ற இடத்தில் மண்ணே இல்லாமல் சரளைக்கல்லிலும் ரசாயனக் கரைசலிலும் காய்கறி வளர்க்கும் பண்ணையை அமைத்துக்கொண்டார்கள். சாலட் சாப்பிடுவதற்காக ஒரு தொழிற்சாலை!

ராணுவத்தைப் போல ஊர் மக்கள் எல்லோருக்கும் தனிப் பண்ணை போட முடியாது. யாருக்குப் புழு இருக்கிறது என்று பார்த்து, மருந்து கொடுக்க வேண்டும். மலத்தில் முட்டையைப் பார்த்து நோயைச் சொல்லலாம் என்பது 1850-களிலேயே பிரான்ஸில் டவேன் போன்றவர்கள் காட்டியதுதான். ஆனால் வழக்கமான முறையில் ஊசிமுனை அளவு மலத்தைத்தான் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்க்க முடியும். குறைவாகப் புழு உள்ளவர்கள் தப்பிவிடுவார்கள். அளவைக் கூட்டினால் ஒளி ஊடுருவாது.

1954-ல் கத்தோ என்ற ஜப்பானியரும் அவருடைய கூட்டாளி மியுராவும் இதற்கு ஒரு சுலபமான வழி சொன்னார்கள். கண்ணாடி மூடிக்குப் பதில் செல்லோஃபேன் துண்டு. மிட்டாய் சுற்றும் தாளேதான். அதைக் கிளிசரினும் பச்சைச் சாயமும் கலந்த நீரில் ஊறவைத்து, பயறு அளவு மலத்தின் மேல் வைத்து அழுத்தினால், கொஞ்ச நேரத்தில் கிளிசரின் மலத்தைக் கண்ணாடி போலத் தெளிய வைத்துவிடும். முட்டைகள் மட்டும் பழுப்பு நிறத்தில், ஓரமெல்லாம் புடைப்புப் புடைப்பாகப் பளிச்சென்று நிற்கும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். விலை குறைவு, பழக எளிது, ஒரு ஆள் ஒரு நாளில் நிறையத் தகடுகள் பார்க்கலாம். பிற்பாடு 1972-ல் பிரேசிலில் காட்ஸ் என்பவர் இதற்கு ஓட்டை போட்ட அச்சு ஒன்றைச் சேர்த்தார். அச்சில் பிடிக்கும் மலம் 41.7 மில்லிகிராம். எண்ணி வரும் முட்டையை 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை என்று தெரிந்துவிடும். கத்தோ-காட்ஸ் என்ற பெயரில் உலக சுகாதார நிறுவனம் இன்றும் இதைப் பரிந்துரைக்கிறது.

கொரியா இந்த செல்லோஃபேனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது. ஜப்பான் கருவிகளும் பயிற்சியும் கொடுத்து உதவியது. 1969-லிருந்து நாடு முழுவதும் பள்ளி மாணவர்களுக்கு வருடத்துக்கு இருமுறை, வசந்த காலத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று, மலப் பரிசோதனை. ஆசிரியர் ஒரு சின்ன உறை கொடுப்பார். பெயர், வகுப்பு எழுதி, மறுநாள் நிரப்பிக் கொண்டுவர வேண்டும். அந்தத் தலைமுறைக் கொரியர்களிடம் இந்த உறையைப் பற்றிக் கேட்டால் சிரிக்காமல் பேச மாட்டார்கள். மறந்துபோய் வந்தவன் நண்பனிடம் கடன் வாங்கியது, இன்னொருவன் நாயினுடையதைப் போட்டுக் கொடுத்தது என்று ஏகப்பட்ட கதைகள்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு வலியும் இருந்தது. சில வாரம் கழித்து முடிவு வரும். புழு இருப்பவர்களின் பெயரை வகுப்பில் வாசிப்பார்கள். எழுந்து முன்னால் போய், ஆசிரியர் பார்க்க மாத்திரையை விழுங்க வேண்டும். வகுப்பே திரும்பிப் பார்க்கும். மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாமல் இருக்க இப்படிச் செய்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த நடை நீளமானதுதான். 2017-ல் அந்த ராணுவ வீரரின் புழுக்களைப் பற்றி மருத்துவர் வெளிப்படையாகப் பேசியபோது, ஒரு மனிதனின் வயிற்றில் இருந்ததை ஊருக்குச் சொல்வது அவன் மானத்தைப் பறிப்பது என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் கண்டித்தார். பெரிய விவாதமானது. வகுப்பறையில் ஒரு காலத்தில் பெயர் வாசித்தபோது யாரும் இப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை.

1971-ல் முதல் தேசியக் கணக்கெடுப்பு நடந்தது. ஏதோ ஒரு புழுவின் முட்டையாவது இருந்தவர்கள் 84.3 சதவீதம். அஸ்காரிஸ் மட்டும் 54.9. அதாவது பரிசோதனை தொடங்கி இரண்டு வருடம் ஆனபிறகும் நூறில் எண்பத்து நான்கு பேர்!

இந்த இடத்தில் மருந்துகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய மருந்து சாண்டோனின். மத்திய ஆசியாவில் விளைந்த ஒரு மாசிப்பத்திரி வகைச் செடியின் மொட்டிலிருந்து எடுப்பது. 1830-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். செடி விளையும் பூமி ரஷ்யர்கள் கையில் இருந்ததால் விலையும் அவர்கள் கையில். ஜப்பானியர்கள் அதற்கு மாற்றாக இன்னொரு வகையைக் கியோட்டோவின் மிபு பகுதியில் பயிரிட்டு மருந்து எடுத்தார்கள். இதைச் சாப்பிட்டால் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும், தலை சுற்றும். 1950-களில் பைபரசின் வந்தது. இது புழுவைக் கொல்லாது, தசையைச் செயலிழக்க வைக்கும். குடலில் பிடிமானம் இழந்த புழு உயிரோடு அடித்துக்கொண்டு வந்துவிடும். பிறகு பைரண்டெல், 1970-களில் மெபெண்டசோல், 1980-களில் மனிதர்களுக்கு அல்பெண்டசோல். கடைசி இரண்டும் புழுவின் செல்களுக்குள் இருக்கும் நுண்குழாய்களைக் குலைத்து, அது சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் பட்டினி போடுகின்றன. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. 2015-லிருந்து இந்தியப் பள்ளிகளில் பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாளில் கொடுப்பது இதே மாத்திரையைத்தான். ஒரு வித்தியாசம், இங்கே யாருடைய மலத்தையும் பார்ப்பதில்லை, எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். மாத்திரை விலை அடிமட்டத்துக்கு வந்துவிட்டது, பரிசோதனைக்குத்தான் ஆளும் நேரமும் வேண்டும். பெயர் வாசிக்கும் அவமானமும் இதில் இல்லை.

ஆனால் எந்த மாத்திரையும் மண்ணில் கிடக்கும் முட்டையைத் தொடாது. இன்று வயிறு சுத்தமான பிள்ளை நாளை அதே வயலில் விளைந்த முட்டைக்கோஸைச் சாப்பிட்டால் சில மாதத்தில் பழைய கதைதான். அதனால்தான் அரையாண்டுக்கு ஒருமுறை என்று விடாமல் துரத்தினார்கள். ஒவ்வொரு முறையும் முட்டை போடும் புழுக்கள் குறைந்தால் மண்ணில் சேரும் புது முட்டைகளும் குறையும். பழைய முட்டைகள் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம், மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. 1961-ல் சுங்ஜுவில் உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்தடுத்துப் பல ஆலைகள் வந்தன. மூட்டையில் யூரியா கிடைக்கும்போது மலக்குடத்தைத் தோளில் சுமக்க யாருக்கு ஆசை? கிராமத்து இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டதால் சுமக்க ஆளும் இல்லை. கழிப்பறைகள் மாறின. புழுவை ஒழித்தது மாத்திரையா யூரியாவா என்று பட்டிமன்றம் வைத்தால் இரண்டு பக்கமும் பேச விஷயம் இருக்கிறது. மாத்திரை இல்லாமல் யூரியா மட்டும் வந்திருந்தால் இன்னும் ரொம்ப வருடம் ஆகியிருக்கும், யூரியா இல்லாமல் மாத்திரை மட்டும் என்றால் முடிவே வந்திருக்காது என்பதுதான் நியாயமான தீர்ப்பாகத் தெரிகிறது.

எண்கள் இறங்கியதைப் பாருங்கள். ஏதோ ஒரு புழு முட்டை இருந்தவர்கள் 1976-ல் 63.2 சதவீதம். 1981-ல் 41.1. 1986-ல் 12.9. 1992-ல் 3.8. அந்த வருடம் அஸ்காரிஸ் மட்டும் வெறும் 0.3. இருபத்தோரு வருடத்தில் 54.9-லிருந்து 0.3! 1995-ல் பள்ளி மலப் பரிசோதனை நிறுத்தப்பட்டது. பார்த்துப் பார்த்து ஒன்றும் கிடைக்காத நிலையில் உறைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

எல்லையின் வடக்கே கதை வேறு. அதே மண், அதே முட்டைக்கோஸ், அதே கிம்ச்சி. சோவியத் யூனியன் சிதறியபிறகு எரிபொருளும் உரமும் வருவது நின்றது. 1990-களின் பஞ்சத்தில் வயல்கள் மறுபடி மனித மலத்தை நம்ப வேண்டியதாயிற்று. எந்தச் சுழற்சியைத் தெற்கே யூரியா வெட்டியதோ அது வடக்கே வெட்டப்படவில்லை. எல்லைக் காவலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் சாப்பிடுபவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் வயிறே அப்படி என்றால் மற்றவர்கள் வயிற்றைப் பற்றி யூகித்துக்கொள்ளலாம். அந்த வீரர் பிழைத்துவிட்டார்.

ஒட்டுண்ணி ஒழிப்புச் சங்கம் என்ன ஆயிற்று? ஒழிக்க ஒட்டுண்ணி குறைந்துபோனதால் 1980-களில் பெயரை மாற்றிக்கொண்டு பொதுவான உடல்நலப் பரிசோதனைகளுக்கு மாறியது. தெற்கே இப்போது மிச்சமிருக்கும் முக்கியமான குடல்வழிப் புழு ஆற்று மீனைப் பச்சையாகச் சாப்பிடுவதால் வரும் கல்லீரல் தட்டைப்புழு. அது வேறு வகை, மருந்தும் வேறு. ஆனால் செல்லோஃபேன் போட்டுப் பார்க்கத் தெரிந்த கண்கள் வீணாகவில்லை. 2000-லிருந்து 2004 வரை அந்தச் சங்கத்தின் ஆட்கள் லாவோஸ் நாட்டுப் பள்ளிகளுக்குப் போய், அங்கே பிள்ளைகளின் மலத்தைச் சேகரித்து, தகட்டில் வைத்து, முட்டைகளை எண்ணினார்கள்.